வாரிசற்ற வீட்டின் வாரிசு
(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘காங்கிரஸ்காரரின் எள்ளுப்பேத்தி’ என்று தலைப்பு அச்சாகியிருக்கிறது. உள்ளே நுழையும்போது ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, “எந்தத் தொகுதிங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தொகுதி, வட கரோலினா. நான் சொல்லும் காங்கிரஸ், அமெரிக்க நாடாளுமன்றம். ஆள் 1817இல் அங்கே போய் 1821இல் வீடு திரும்பிவிட்டவர். பெயர் டாக்டர் ஜேம்ஸ் ஸ்ட்ரட்விக் ஸ்மித். அமெரிக்காவிலேயே இந்தப் பெயரைச் சொன்னால் பெரும்பாலோர் உதட்டைப் பிதுக்குவார்கள். அவரைப் பற்றி மட்டும் பேசுவதென்றால் பத்து நிமிடத்தில் உட்கார்ந்துவிடலாம். அவர் வாழ்க்கையைத் தோண்டி எடுத்தவரைப் பற்றிப் பேச ஒரு மணி நேரம் போதாது. அப்படித் தோண்டியவர் பாலி மரே. வழக்கறிஞர், கவிஞர், பேராசிரியர், கடைசிக் காலத்தில் பாதிரியார். கறுப்பினப் பெண். அந்த காங்கிரஸ்காரரின் எள்ளுப்பேத்தி.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் பதில் வராது. போய்ப் பார்த்துவிட்டு வந்த யாரோ ஒருவர்தான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. அங்கே மூலம் தேடுவது பெரிய பொழுதுபோக்கு. ஓய்வு பெற்றவர்கள் கவுண்டி நீதிமன்றப் பதிவறைகளில் நாள் கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். வம்சத்தில் ஒரு அரசியல்வாதி சிக்கிவிட்டால் கொண்டாட்டம். சாதாரண விவசாயிக்குக் கல்லறைக் கல் ஒன்று மிஞ்சினாலே அதிசயம். அரசியல்வாதிக்கு ஓட்டுப் பதிவு இருக்கும், பேச்சு இருக்கும், கடிதம் இருக்கும், பத்திரிகைத் திட்டு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாடாளுமன்ற உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்பு அகராதி இருக்கும்.

முதலில் அந்த அகராதியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சார்லஸ் லான்மன் என்பவர் 1859இல் வெளியிட்ட ஒரு தொகுப்பில் தொடங்கியது அது. லான்மன் எப்படித் தகவல் சேர்த்தார் தெரியுமா? உறுப்பினர்களுக்கே எழுதிக் கேட்டார். ‘உங்களைப் பற்றி நீங்களே எழுதி அனுப்புங்கள்.’ 1858இல் அப்படி ஒரு வேண்டுகோள் இல்லினாய் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருக்கும் போனது. ஒரே ஒரு முறை காங்கிரஸில் இருந்துவிட்டு வந்தவர். அவர் சில வரிகளில் பதில் போட்டார்; தன் படிப்பு குறைபாடுள்ளது என்று அதில் தானே எழுதியிருந்தார். அவர்தான் ஆபிரகாம் லிங்கன். எல்லோரும் லிங்கன் இல்லையே. தன்னைப் பற்றித் தானே எழுதச் சொன்னால் மனிதன் எதை எழுதுவான், எதை விடுவான் என்று இந்த அரங்கில் கல்யாண ‘பயோடேட்டா’ தயாரித்த எல்லோருக்கும் தெரியும்.

டாக்டர் ஸ்மித்தின் குறிப்பு சில வரிகள்தான். ஹில்ஸ்பரோ பக்கத்தில் பிறந்தார், மருத்துவம் படித்தார், இரண்டு முறை காங்கிரஸ் உறுப்பினர், பிறகு மாநில அவை, 1835இல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தக் கூடிய மாநாட்டில் பிரதிநிதி. இந்த வரிகளில் பொய் கிடையாது. ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் கீறிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் காங்கிரஸில் இருந்த ஆண்டுகளில்தான் மிசூரி பிரச்சினை வெடித்தது. புதிதாகச் சேரும் மிசூரி மாநிலத்தில் அடிமை முறை இருக்கலாமா என்ற சண்டை. 1820 மார்ச் மாதம் பிரதிநிதிகள் அவையில் அடிமைமுறைத் தடையை நீக்குவதற்கு ஆதரவாக 90 ஓட்டு, எதிராக 87. மூன்றே ஓட்டில் நாட்டின் தலைவிதி. பெயர் வாரியான ஓட்டுப் பட்டியல் அவைக் குறிப்பேட்டில் அச்சில் இருக்கிறது. வம்சாவளி தேடும் எவரும் முதலில் திறந்து பார்க்க வேண்டிய பக்கம் அதுதான். பேச்சுகளை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1824 வரையிலான காங்கிரஸ் விவாதங்களின் தொகுப்பு அந்தந்த நாளில் எழுதப்பட்டது இல்லை. 1834 முதல், பழைய செய்தித்தாள்களை வைத்துத் தைத்துக் கோத்தது. உங்கள் முன்னோர் கர்ஜித்தார் என்று அதில் இருந்தால், கர்ஜித்தது அவரா, நிருபரா என்று சொல்ல முடியாது.

அடுத்தது 1835 மாநாடு. ராலே நகரில் கூடியது. வட கரோலினாவில் அதுவரை, அடிமையாக இல்லாத கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை இருந்தது. தெற்கு மாநிலம் ஒன்றில் இப்படி இருந்தது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்த மாநாடு, மிகக் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில், அந்த உரிமையைப் பறித்தது. டாக்டர் ஸ்மித் உட்கார்ந்திருந்த மாநாடு அது. அதற்கு முந்தைய ஆண்டு, 1834இல், அவர் வீட்டில் ஒரு கொள்முதல் நடந்திருந்தது. மகள் மேரி ரஃபின் ஸ்மித்துக்குப் பணிவிடை செய்ய ஹாரியட் என்ற 15 வயதுப் பெண்ணை விலைக்கு வாங்கினார். அகராதிக் குறிப்பில் இது வராது.

இப்போது நாம் அந்த வீட்டை விட்டு, சில தலைமுறை தாண்டி, டர்ஹம் என்ற புகையிலை ஊருக்குப் போவோம். 906, கரோல் தெரு. 1898இல் கட்டிய மரவீடு, பின்னால் மேட்டில் வெள்ளையர் கல்லறைத் தோட்டம். மழை பெய்தால் அங்கிருந்து தண்ணீர் இந்த வீட்டை நோக்கி இறங்கும். தாயை மூன்று வயதில் இழந்த பாலி என்ற சிறுமியை, பால்டிமோரிலிருந்து இங்கே கொண்டுவந்து, அம்மா வழி உறவினர் அத்தனை பேரும் வளர்க்கிறார்கள். பெரியம்மா பள்ளி ஆசிரியை. தாத்தா ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் போரிட்டவர். கடற்படையிலும் இருந்தார், குதிரைப் படையிலும் இருந்தார். போர் முடிந்ததும் விடுதலையானவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தெற்கே வந்தவர். இப்போது கண் தெரியாது. பேத்தி செய்தித்தாள் படித்துக் காட்ட வேண்டும். தப்பாகப் படித்தால் திருத்துவார். பாட்டி கார்னீலியா வேறு ரகம். திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, தான் இன்னார் வீட்டுப் பெண், தன் அப்பா வழக்கறிஞர் சிட்னி ஸ்மித், தாத்தா காங்கிரஸில் இருந்தவர் என்று தெருவே கேட்கச் சொல்லும் பெண்மணி. அதே மூச்சில், தான் அடிமையாகப் பிறந்தவள் என்பதும் வந்துவிடும்.

ஒரு குழந்தைக்கு இது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்பா முதலாளி, மகள் சொத்து. நம் ஊர்க் கணக்கில் இது பொருந்தவே பொருந்தாது. பிள்ளை அப்பன் பேரைச் சொல்லும், அப்பன் சாதிக்குப் போகும் என்பதுதானே வழக்கு. ஆங்கிலேயச் சட்டமும் அப்படித்தான் இருந்தது. வர்ஜீனியா குடியேற்றம் 1662இல் அதைத் தலைகீழாக மாற்றியது. பிள்ளையின் நிலை தாயின் நிலையைத் தொடரும் என்று ஒரு சட்டம். தாய் அடிமையென்றால் பிள்ளை அடிமை. தகப்பன் ஆளுநராக இருந்தாலும் சரி. அந்த ஒரு வரியால் எத்தனை ஆண்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பொறுப்பிலிருந்து தப்பித்தார்கள், அதோடு அந்தப் பிள்ளைகளைச் சொத்துக் கணக்கிலும் சேர்த்துக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் இதை எழுதியவர் கையெழுத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

கார்னீலியாவின் தாய் ஹாரியட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரித்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. அவள் ரூபன் டே என்ற சுதந்திரமான கறுப்பினத்தவரை மணந்தாள். அடிமையின் கல்யாணத்துக்குச் சட்ட மதிப்புக் கிடையாது. ஒரு மகன் பிறந்தான். டாக்டர் ஸ்மித்தின் பிள்ளைகள் சிட்னி, பிரான்சிஸ் இருவர் கண்ணும் அவள் மேல். ரூபன் டேயை அடித்து விரட்டினார்கள். திரும்பி வந்தால் உயிர் இருக்காது என்று சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு சிட்னி அவள் குடிசைக் கதவை உடைத்தான். 1844இல் கார்னீலியா பிறந்தாள். அண்ணன் தம்பிக்குள் அடிதடி. பிறகு பிரான்சிஸ் முறை. அவனுக்கும் ஹாரியட்டுக்கும் மூன்று பெண்கள் பிறந்தார்கள்.

இவ்வளவும் ஒரே வளாகத்தில் நடக்கிறது. மகளுக்குப் பணிப்பெண்ணாக வாங்கப்பட்டவள், மகன்களின் பிள்ளைகளைப் பெறுகிறாள். மகள் மேரி ரஃபின் என்ன செய்தார்? தடுக்கவில்லை. ஆனால் நான்கு பெண் குழந்தைகளையும் குடிசையிலிருந்து பெரிய வீட்டுக்குள் எடுத்துக்கொண்டார். வேலைக்காரர்களும் இல்லை, சகோதரர் மகள்களும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை சேப்பல் ஹில்லில் ‘சேப்பல் ஆஃப் தி கிராஸ்’ தேவாலயத்துக்குத் தன்னோடு வண்டியில் அழைத்துப் போவார். அவர் கீழே உட்காருவார், அவர்கள் மேலே அடிமைகளுக்கான மாடத்தில். 1854இல் அங்கே அவர்களுக்கு ஞானஸ்நானம். தேவாலயப் பதிவேட்டில் அது மேரி ரஃபின் ஸ்மித்துக்குச் சொந்தமான வேலைக்காரக் குழந்தைகள் என்று ஏறியிருக்கிறது. பெற்றவர் பெயர் போட வேண்டிய இடத்தில் உடையவர் பெயர்.

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. சிட்னி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரான்சிஸும் இல்லை. மேரி ரஃபினும் இல்லை. வம்சாவளி மரம் எழுதினால் டாக்டர் ஸ்மித்தின் கிளை அங்கே பட்டுப்போய்விடும். வாரிசு இல்லாத வீடு. ஆனால் ரத்தக் கணக்குப் பார்த்தால் அந்த காங்கிரஸ்காரருக்கு நான்கு பேத்திகள். நாலு பேருமே அவர் குடும்பத்துச் சொத்துப் பட்டியலில் இருந்தவர்கள். நாம் வாரிசுச் சான்றிதழ் வாங்கத் தாசில்தார் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறோமே, அப்படி ஒரு சான்றிதழுக்கு கார்னீலியா மனுப் போட்டிருந்தால், சொத்தே சொத்துக்கு வாரிசாகுமா என்று கேட்டிருப்பார்கள்.

அந்த காங்கிரஸ்காரரின் பேத்திக்குப் பேத்தியான பாலி மரே இதை ஆராயப் புறப்பட்டபோது என்னென்ன தடை இருந்தது என்பதைச் சொல்கிறேன். இதைக் கேட்டால் நம்மில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1850க்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் எண்ணிக்கை. 1850இல்தான் வீட்டில் உள்ள எல்லோர் பெயரும் எழுதத் தொடங்கினார்கள். எல்லோரும் என்றால் சுதந்திரமானவர்கள். அடிமைகளுக்குத் தனி ஏடு. 1850, 1860 இரண்டு முறையும் அந்த ஏட்டில் உடையவர் பெயர் முழுசாக இருக்கும். கீழே வரிசையாக வயது, பால், நிறம். பெயர் கிடையாது. நிறத்துக்கு ஒரே எழுத்து: கறுப்பு என்றால் ‘பி’, கலப்பு என்றால் ‘எம்’. கணக்கெடுக்க வந்தவர் எதையும் கேட்க வேண்டியதில்லை. அந்த ‘எம்’ ஒன்றே போதும், அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடும். 1850இல் கார்னீலியாவுக்கு வயது ஆறு. அவரைத் தேடுகிறவர்கள் பெயரைத் தேட முடியாது. ஆறு என்ற எண்ணைத்தான் தேட வேண்டும்.

1870 கணக்கெடுப்பில்தான் விடுதலையானவர்கள் பெயரோடு வருகிறார்கள். கறுப்பின வம்சாவளி தேடுபவர்கள் அந்த ஆண்டைச் சுவர் என்பார்கள். அதற்குப் பின்னால் போக முடியாது, முட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதோடு போகவில்லை: 1890 கணக்கெடுப்பின் ஏடுகள் 1921இல் வாஷிங்டனில் ஒரு தீ விபத்தில் நாசமாயின.

அந்தச் சுவரில் ஓட்டை எங்கே இருக்கிறது? உடையவரின் காகிதங்களில். கவுண்டி நீதிமன்றத்தில் கிரயப் பத்திரங்கள் இருக்கும், உயில்கள் இருக்கும், செத்தவர் வீட்டுச் சாமான் பட்டியல் இருக்கும். கட்டில் இரண்டு, பசு நான்கு, அதற்கடுத்த வரியில் ஒரு பெண்ணின் பெயர், விலையோடு. அங்கேதான் பெயர் கிடைக்கும். ஏழை விவசாயியிடம் அடிமையாக இருந்தவரின் சந்ததி என்றால் இதுவும் கிடைக்காது. உடையவர் அரசியல்வாதியென்றால், காகிதங்களைக் காப்பாற்ற நூலகமே இருக்கும். ஆக, காங்கிரஸ்காரர் ஒருவர் வம்சத்தில் இருப்பதால் பாலி மரேக்குக் கிடைத்த நன்மை என்றால் இதுதான். அடிமை வைத்திருந்தவரின் புகழ், அடிமையின் பெயரைக் காப்பாற்றியிருக்கிறது. புகழ் யாருக்கு எப்படிப் பயன்படும் என்று ஜோசியக்காரராலும் சொல்ல முடியாது.

தாத்தா பக்கம் வேறு கதை. ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் நாட்குறிப்பு எழுதியிருந்தார். தெற்கே பள்ளி நடத்திய நாட்கள் அதில் இருந்தன. படையில் இருந்தவர் என்பதால் ஓய்வூதியத்துக்காக அரசாங்கத்தோடு நடத்திய நீண்ட போராட்டத்தின் காகிதங்களும் உண்டு. ஓய்வூதியக் கோப்பு என்பது வரலாற்றுக்காரர்களுக்குப் புதையல். அரசு கொடுக்கத் தயங்கும். ஆகவே அண்டை வீட்டார் சாட்சி, பிறந்த ஊர், காயத்தின் வரலாறு எல்லாவற்றையும் எழுதி வாங்கும். கஞ்சத்தனம் ஆவணமாகச் சேமிக்கப்பட்டுவிடுகிறது.

சரி, ஒரு வழக்கறிஞருக்கு இந்த வேலை எதற்கு? அதற்கும் ஒரு கதை உண்டு. 1938இல் பாலி மரே வட கரோலினா பல்கலைக்கழகத்தில், சேப்பல் ஹில்லில், மேற்படிப்புக்கு விண்ணப்பித்தார். உங்கள் இனத்தவரைச் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் மாதம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து கௌரவப் பட்டம் வாங்கிக்கொண்டு, அதன் தாராளப் போக்கைப் பாராட்டிப் பேசினார். மரே அவருக்கு ஒரு காரசாரமான கடிதம் எழுதினார். பதில் எழுதியவர் எலினார் ரூஸ்வெல்ட்; அங்கே தொடங்கிய நட்பு எலினார் இறக்கும்வரை நீடித்தது.

இந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஸ்மித் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு? மேரி ரஃபின் ஸ்மித் 1885இல் இறந்தார். பிள்ளை குட்டி இல்லை. உயிலில் கார்னீலியாவுக்கு ஒரு துண்டு நிலம் எழுதினார். குடும்ப நிலத்தில் பெரும் பகுதியைப் பல்கலைக்கழகத்துக்கும் தேவாலய மறைமாவட்டத்துக்கும் எழுதினார். பல்கலைக்கழகத்தில் அந்தப் பணத்திலிருந்து உதவித்தொகை, சகோதரர் பிரான்சிஸ் பெயரில். அதாவது, ஹாரியட்டிடம் மூன்று பெண்களைப் பெற்றவன் பெயரில் பிள்ளைகள் படித்தார்கள். ஹாரியட்டின் கொள்ளுப்பேத்தி அதே வாசலில் நின்றபோது உன் இனத்துக்கு இடமில்லை என்றார்கள். அவர் கோபத்தில் இந்த உயிலை வீசி எறிந்திருக்கலாம். அப்போது செய்யவில்லை. சட்டம் படிக்கப் போனார். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1944இல் வகுப்பில் முதல் மாணவியாகத் தேறினார். மேற்கொண்டு படிக்க ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தார். இந்த முறை, நீ பெண் என்று மறுத்தார்கள். முன்னே இனம், பின்னே பால். விண்ணப்பப் படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் அவருக்கு ஒரு கதவாக மூடியது.

1951இல் மாநிலங்களின் இனச் சட்டங்களையெல்லாம் தொகுத்து ஒரு தடித்த புத்தகம் போட்டார். இனப் பிரிவினையை எதிர்த்து வாதாடிய வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தன் வழக்குகளுக்கு அதை வேதப் புத்தகம் என்றார். அடுத்த ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு வேலைக்கு முயன்றார். பரிந்துரை கொடுத்தவர்கள் எலினார் ரூஸ்வெல்ட், தர்குட் மார்ஷல், தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃப். கம்யூனிஸ்ட் சாயம் தேடி ஆட்களை வேட்டையாடிய மெக்கார்த்தி காலம். இவருடைய ‘கடந்த காலத் தொடர்புகள்’ சந்தேகத்துக்குரியவை என்று வேலை தர மறுத்தார்கள்.

அந்தச் சொல் அவரைக் குத்தியது. கடந்த காலத் தொடர்பா? இதோ காட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். ஏற்கெனவே மனத்தில் இருந்த குடும்ப வரலாற்றை எழுதத் தொடங்கினார். 1956இல் ‘ப்ரவுட் ஷூஸ்’ வெளிவந்தது. அலெக்ஸ் ஹேலியின் வம்சக் கதை ‘ரூட்ஸ்’ வருவதற்கு இருபது ஆண்டு முன்னால். அப்போது அதிகம் விற்கவில்லை. ‘ரூட்ஸ்’ அலை அடித்த பிறகு 1978இல் மறுபதிப்புக் கண்டது. தேசப்பற்றை நிரூபி என்றவர்களுக்கு அவர் கொடுத்த பதிலில் ஒரு தாத்தா, தேசத்துக்காகப் போரிட்டுக் கண்ணிழந்தவர். ஒரு எள்ளுத்தாத்தா, காங்கிரஸ் உறுப்பினர். அந்தக் காங்கிரஸ் உறுப்பினரின் வீட்டில் நடந்தது என்னவென்பதையும் சேர்த்தே சொன்னார். எனக்கு இது பிடித்த இடம். பெருமை மட்டும் எடுத்துக்கொள்வது எளிது. அவமானத்தை மட்டும் எடுத்துக்கொள்வதும் எளிது. இரண்டுக்கும் ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

புத்தகத்தில் எனக்குக் குறை இருக்கிறது, சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது. சில காட்சிகளை நாவல் போலக் கட்டுகிறார். பாட்டி சொல்லக் கேட்டது எது, ஏட்டில் பார்த்தது எது, இவர் ஊகித்தது எது என்று கோடு கிழிக்க மாட்டார். வழக்கறிஞர் இப்படிச் செய்யலாமா என்று முதல் வாசிப்பில் எரிச்சல் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது கொஞ்சம் இறங்கி வந்தேன். ரூபன் டேயை விரட்டியதற்கு எந்த நீதிமன்றம் பதிவு வைத்திருக்கும்? அடித்தவன் வழக்கறிஞர். புகார் கொடுக்க வேண்டியவளுக்குச் சாட்சி சொல்லும் உரிமை இல்லை. அந்த இரவுக்கு ஆவணம் என்றால் ஹாரியட் மகளிடம் சொன்னதும், மகள் பேத்தியிடம் சொன்னதும்தான். பாட்டியின் வாய்ச் சொல்லை ஒதுக்கிவிட்டு ஏட்டை மட்டும் எடுத்துக்கொண்டால், ஏடு எழுதியவர்களின் கட்சியில் சேர்ந்ததாகிவிடும். மேரி ரஃபின் மீது அவர் காட்டும் பரிவுதான் இன்னும் எனக்கு ஒட்டவில்லை. வளர்த்தவர் என்ற நன்றி அதில் இருக்கிறது. கார்னீலியாவின் நன்றி அது. பேத்திக்கு அதைச் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தும் சுமக்கிறார்.

இப்போதெல்லாம் இப்படித் தேடுவது தனி மனிதர்களோடு நிற்கவில்லை. 2022இல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ், கணக்கெடுப்பு ஏடுகளையும் மற்ற ஆவணங்களையும் ஒப்பிட்டு, வாழ்க்கையில் எப்போதேனும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்த காங்கிரஸ் உறுப்பினர்கள் 1,700க்கும் மேல் என்று கண்டது. அடுத்த ஆண்டு ராய்ட்டர்ஸ் நிறுவனம் மறுபுறத்திலிருந்து தேடியது. அப்போது முடிந்திருந்த காங்கிரஸில் இருந்தவர்களின் முன்னோர் யார்? அவர்களில் குறைந்தது 100 பேர் அடிமை உடையவர்களின் நேரடி வாரிசுகள் என்று வந்தது. கேள்வி கேட்டு எழுதியபோது பலர் பதிலே சொல்லவில்லையாம். நதிமூலத்தை அவர்கள் ஊரிலும் எல்லோரும் விரும்புவதில்லை போலிருக்கிறது.

மரேயின் கதைக்குத் திரும்புகிறேன். கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அறுபது வயதைத் தாண்டியபின், பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு இறையியல் படித்தார். 1977 ஜனவரியில் எபிஸ்கோபல் சபையின் பாதிரியாராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அந்தச் சபையில் அந்த நிலையை அடைந்த முதல் கறுப்பினப் பெண். அடுத்த மாதம் 13ஆம் தேதி முதன்முதலாகத் திருவிருந்து நடத்த எங்கே போனார் தெரியுமா? சேப்பல் ஹில்லில் அதே ‘சேப்பல் ஆஃப் தி கிராஸ்’. பாட்டி மாடத்தில் உட்கார்ந்த கோயில். 1854இல் உடையவர் பெயரோடு பாட்டி பதிவான கோயில். கையில் பாட்டியின் விவிலியம். அதை வைத்து வாசித்த மேசை, மேரி ரஃபின் ஸ்மித்தின் நினைவாகத் தரப்பட்டது. இதை யாராவது கதையில் எழுதியிருந்தால் ‘ரொம்பச் செயற்கை’ என்று நானே அடித்திருப்பேன்.

பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அங்கே வந்திருந்தன. சமரசம் முடிந்தது, எல்லாம் சுபம் என்று திரை போட்டுவிடலாம். அவர் போடவில்லை. அடுத்த ஆண்டு, 1978இல், வட கரோலினா பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் தர முன்வந்தது. நாற்பது ஆண்டுக்கு முன் வாசலில் நிறுத்திய அதே பல்கலைக்கழகம். ஸ்மித் வீட்டு நிலத்தை உயிலில் வாங்கிக்கொண்ட அதே பல்கலைக்கழகம். அப்போது அந்தப் பல்கலைக்கழக அமைப்பு, தன் கல்லூரிகளில் இனப் பிரிவினையை முழுதாக ஒழிக்கும் திட்டம் குறித்து மத்திய அரசோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. மரே கணக்குப் பார்த்தார். பட்டம் வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டார்.